டிராம் ஓடிய தெருவின் வீடுகள்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, இராயப்பேட்டை, புரசைவாக்கம் என்று சென்னையின் பழைய பகுதிகளில் ஒருவகை வீடுகள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. முன்பக்க அகலம் குறைவு, பின்னோக்கிய நீளம் அதிகம். தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே நாலைந்து அடி இடமும் ஒரு சிறு வராந்தாவும் இருக்கும். மேலே மரத்தூண் தாங்கிய ஒரு மாடம், கைப்பிடிச்சுவரின் நடுவில் சுண்ணாம்பில் செதுக்கிய பூவேலை, அதன் கீழே வீடு கட்டிய ஆண்டு. இவற்றை அக்கிரகார வீடு என்றும் சொல்ல முடியாது, வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில், 1895க்கும் 1953க்கும் இடைப்பட்ட காலத்தில் உருவானவை இவை. நகரத்தில் டிராம் ஓடிய ஆண்டுகளும் அவையே. வீட்டின் வடிவத்துக்கும் தெருவில் ஓடிய வண்டிக்கும் உள்ள உறவு தற்செயலானதல்ல.

1895 மே 7ஆம் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் இதுவே. கல்கத்தாவில் 1902இலும் பம்பாயில் 1907இலும்தான் மின்சார டிராம் வந்தது. அதுவரை அங்கே குதிரைகள் இழுத்தன. லண்டன் தெருக்களில் மின்சார டிராம் முறையாக ஓடத் தொடங்குவதற்கும் முன்பே சென்னைவாசிகள் அதில் ஏறிவிட்டார்கள். தொடக்கத்தில் மின்கம்பி தலைக்கு மேலே இல்லை. தண்டவாளங்களுக்கு நடுவே தெருவில் ஒரு பிளவு வெட்டி, அதற்குள் மின்சாரத்தைக் கொண்டு சென்றார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தேங்கும் நீருக்கு அந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு கம்பிகள் மேலே ஏறின. தொடங்கிய நிறுவனம் நொடித்துக் கைமாறி, 1904இல் மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் என்ற பெயரில் நிலைபெற்றது. 1921இல் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. துறைமுகம், பாரிமுனை, மவுண்ட் ரோடு, பூந்தமல்லி நெடுஞ்சாலை, இராயப்பேட்டை நெடுஞ்சாலை, லஸ் என்று அந்தப் பாதைகள் அலுவலகத்தையும் குடியிருப்பையும் இணைத்தன.

அமெரிக்காவில் டிராமும் வீடும் சேர்ந்து வளர்ந்த கதை நன்கு எழுதப்பட்டிருக்கிறது. ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர் 1888இல் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் மின்சார டிராமை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியபின், சில ஆண்டுகளிலேயே அந்நாட்டு நகரங்கள் தண்டவாளத்தின் வழியே கை நீட்டத் தொடங்கின. பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி, டார்செஸ்டர் பகுதிகளைப் பற்றி சாம் பாஸ் வார்னர் 1962இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முதன்மையானது. அங்கே டிராம் பாதையிலிருந்து நடக்கும் தூரத்துக்குள் மனைகள் பிரிக்கப்பட்டன. அகலம் குறைந்த மனையில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடும்பங்கள் வாழும் மரவீடுகள் வரிசையாக எழுந்தன. சொந்தக் குதிரைவண்டி இல்லாத குமாஸ்தாவும் கைவினைஞரும் நகரின் நெரிசலைவிட்டு வெளியே வர முடிந்தது. சென்னையில் நடந்ததும் அதே வகையான மாற்றம்தான், ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பாஸ்டனில் டிராம் வெற்று நிலத்துக்குச் சென்றது. சென்னையில் அது ஏற்கெனவே கோயிலும் குளமும் மாடவீதியுமாக வாழ்ந்துகொண்டிருந்த ஊர்களுக்குள் வந்தது. ஆகவே இங்கே புதிய வீடு, பழைய வீட்டோடு பேசித்தான் உருவாக வேண்டியிருந்தது.

டிராமுக்கு முன் சென்னையில் வசதியுள்ளவர்களின் வீடு இரண்டு வகை. ஒன்று, கோயிலைச் சுற்றிய வரிசை வீடு. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியும் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியும் அமைந்த தெருக்களில் ஒருவர் வீட்டுச் சுவரே அடுத்தவர் வீட்டுச் சுவர். வாசலின் இருபுறமும் திண்ணை, நடுவே நடை, அதைத் தாண்டி வானம் தெரியும் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், ஒருபுறம் கூடம், பின்னால் சமையற்கட்டு, கிணற்றடி, கொல்லை. இன்னொன்று, ஆங்கிலேய வணிகர்களும் அதிகாரிகளும் 18ஆம் நூற்றாண்டிலிருந்து கோட்டைக்கு வெளியே கட்டிக்கொண்ட தோட்ட வீடு. நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், அடையாறு பக்கங்களில் பல ஏக்கர் தோட்டத்தின் நடுவே உயர்ந்த தூண்களோடு அது நிற்கும். முகப்பில் வண்டி வந்து நிற்க ஒரு போர்ட்டிகோ, பின்னால் குதிரை லாயம், கோச்சு வண்டிக் கொட்டகை, வேலையாட்கள் குடியிருப்பு. கோட்டைக்கும் கடற்கரைக்கும் தினமும் போய்வர வண்டியும் குதிரையும் சாரதியும் வைத்திருப்பவரால்தான் அப்படி வாழ முடியும். வண்டி இல்லாதவர் வேலையிடத்துக்கு நடந்து போகும் தூரத்தில், ஜார்ஜ் டவுனின் நெரிசலில் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது ஒரு வீடும் இந்தக் கதைக்குள் வருகிறது. அது சென்னைக்கு வெளியே இருந்தது. மயிலம், திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஊர்களிலிருந்து படித்த பிள்ளைகள் வேலை தேடி மீட்டர்கேஜ் ரயிலில் பட்டணம் போனார்கள். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1908 ஜூன் 11ஆம் தேதி திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்தில் இறங்கினால், வெளியே சென்று டிராம் பிடிக்கலாம். அவர்கள் விட்டு வந்த ஊர் வீட்டில் திண்ணை வழிப்போக்கருக்கானது. மயிலம் முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தில் நடந்து வரும் கூட்டத்துக்கு வழியோரத் திண்ணைகள்தான் சத்திரம். முற்றத்தில் நெல் காயும், மழைநீர் விழும், கல்யாணப் பந்தல் எழும். ஓட்டுக்கூரை உள்நோக்கிச் சரிந்து முற்றத்தில் நீரை இறக்கும். சிறிது தெற்கே புதுச்சேரியின் தமிழர் வீதிகளிலும் இதே அமைப்பு. அங்கே திண்ணைக்கு வெளியே தெருவை ஒட்டித் தாழ்வாரம் ஒன்று கூடுதலாக இறக்கப்பட்டு, நடப்பவருக்கு நிழல் தந்தது. இந்த வீட்டில் வளர்ந்தவர்கள் நகரத்தில் மனை வாங்கியபோது கேட்டது ஆங்கிலேயரின் தோட்ட வீட்டை அல்ல. பழகிய அந்த வீட்டையே சற்றுக் காற்றோட்டத்தோடும் சற்றுக் கௌரவத்தோடும் கேட்டார்கள்.

டிராம் அதைச் சாத்தியமாக்கியது. உயர்நீதிமன்றம் 1892இல் பாரிமுனை அருகே புதுக் கட்டடத்துக்கு வந்துவிட்டது. துறைமுகமும் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் அதே பக்கத்தில். லஸ் முனையில் ஏறிய குமாஸ்தா குறைந்த கட்டணத்தில் அலுவலகம் போய்ச் சேர முடியும் என்றால், அவருக்குக் குதிரை வேண்டாம், லாயம் வேண்டாம், கொட்டகை வேண்டாம், வண்டி திரும்ப இடமும் வேண்டாம். பல ஏக்கரில் இருந்த தோட்ட வீடு இவ்வளவையும் கழித்துவிட்டால் ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில் அடங்கிவிடும். சில வீடுகள் அரை கிரவுண்டிலேயே அடங்கின. பழைய தோட்டங்கள் துண்டாகி மனைகளாயின. இன்று சென்னையில் தோட்டம் என்ற பெயரில் முடியும் பல தெருக்களில் தோட்டம் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இப்படிக் கட்டிய வீட்டின் முகப்பில்தான் பெரிய மாற்றம் தெரிகிறது. மாடவீதி வீட்டில் திண்ணை தெருவோடு சேர்ந்தது. யாரும் வந்து உட்காரலாம். டிராம் காலத்து வீட்டில் ஒரு தாழ்ந்த சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வந்தன. திண்ணை அந்தக் கதவுக்கு உள்ளே நகர்ந்து வராந்தா ஆயிற்று. அதற்கு மரச் சட்டங்களால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தட்டி போட்டார்கள்; பிற்பாடு இரும்புக் கம்பி வந்தது. வழிப்போக்கர் வெளியே நின்றார், கட்சிக்காரரும் மாணவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். வக்கீல் வீடானால் வராந்தாவின் ஒரு பக்கத்து அறை அலுவலகம். சட்டப் புத்தகங்கள் அங்கேயே நின்றுவிடும், வீட்டுக்குள் வருவதில்லை. திண்ணையைச் சுருக்கியது ஓர் இழப்புத்தான். ஆனால் தெரு என்பது அண்டை வீட்டாரின் இடமாக இருந்தது போய், டிராமில் ஏறி இறங்கும் அறியாதவர்களின் இடமாகவும் மாறிய காலத்தில், வீடு கொஞ்சம் உள்ளே ஒதுங்கிக்கொண்டது இயல்பே.

உள்ளே போனால் முற்றம் இன்னும் இருந்தது, சிறியதாக. சில வீடுகளில் அதன்மேல் இரும்புக் கம்பி வலை. சிலவற்றில் கூரையை உயர்த்தி, பக்கங்களில் கண்ணாடிச் சன்னல் வைத்து வெளிச்சத்தை மட்டும் இறக்கினார்கள். பக்கச் சுவர்கள் அண்டை வீட்டோடு ஒட்டி நின்றதால் காற்றும் ஒளியும் வர இந்த ஒரு வழிதான். வெயிலில் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே போக, தெருப்பக்கத்திலிருந்தும் கொல்லைப்பக்கத்திலிருந்தும் புதுக்காற்று உள்ளே இழுக்கப்படும். வாசற்படியில் நின்றால் கொல்லைக் கதவு வரை நேர்க்கோட்டில் தெரிய வேண்டும் என்று கொத்தனார்கள் பிடிவாதம் பிடித்ததற்கு இந்தக் காற்றோட்டமே காரணம். மாலையில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் அந்த நேர்க்கோட்டின் பயன் தெரியும். மாடிப்படி பெரும்பாலும் நடையின் பக்கத்திலிருந்தே ஏறும். மாடியை வாடகைக்கு விட்டாலும் குடித்தனக்காரர் வீட்டுக்குள் வராமல் ஏறிப் போய்விடலாம்.

இந்த வீடுகளின் பெருமை அவற்றின் கூரையில் இருக்கிறது. உலகக் கட்டடக் கலை நூல்களிலேயே இந்நகரின் பெயரைத் தாங்கிய முறை அது: மெட்ராஸ் டெரஸ். சுவர்களுக்குக் குறுக்கே தேக்கு உத்திரங்களை ஒன்றரை அடி இடைவெளிபோல் அடுக்குவார்கள். அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, விளிம்பு கீழிருக்க நிறுத்தி, உத்திரங்களுக்குக் குறுக்குக் கோணத்தில் ஒரு மூலையிலிருந்து ஒட்டிக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைப் பற்றிக்கொள்வதால் அடியில் முட்டுப்பலகை தேவைப்படாது. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். தட்டும் கட்டை துள்ளி எழும் அளவுக்குத் தளம் இறுகினால்தான் வேலை முடிந்தது. கடைசியில் இரண்டு மூன்று அடுக்குத் தட்டோடு. இரும்புக் கம்பியோ சிமெண்டோ இல்லாத இந்தக் கூரை நூறாண்டு மழைக்கு நின்றிருக்கிறது. கீழே நிற்பவருக்கு வெயிலின் சூடு தெரிவதில்லை. இதற்கு உரிய மதிப்பு இன்றைய பொறியியல் கல்லூரிகளில் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

சுண்ணாம்பு கடலிலிருந்து வந்தது. எண்ணூர், பழவேற்காட்டுக் கழிமுகங்களில் கிடைத்த கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு வட்டக் குழியில் மாடு கட்டி அரைத்தார்கள். மேற்பூச்சுக்கு மிக நுண்ணிய சுண்ணாம்பில் முட்டையின் வெண்கரு முதலியவை சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்கள். சலவைக்கல் என்று வெளிநாட்டவர் ஏமாந்த பூச்சு அது. தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. சாய்வுக் கூரைகளுக்கு மங்களூர் ஓடு. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலை அதற்கு முன்னோடி. தரைக்குச் சிவப்புக் காவி கலந்த சிமெண்டு பிற்பாடு வந்து சேர்ந்தது. இந்தியாவில் சிமெண்டு தயாரிக்கும் முதல் முயற்சியே சென்னையில்தான், 1904இல், கிளிஞ்சலைக் கொண்டு நடந்தது, அது நிலைக்கவில்லை. ஊரின் மண்ணும் கழிமுகமும் கடல் வாணிபமும் ரயிலும் ஒரே சுவரில் கலந்திருந்தன.

டிராம் காலத்து வீட்டை ஒரு குடும்பத்தின் வீடாக மட்டும் எண்ணுவது தவறு. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் 'ஸ்டோர்' என்று அழைக்கப்பட்ட வீடுகள் ஏராளம். நடுவில் நீண்ட முற்றமோ சந்தோ, இருபுறமும் ஓர் அறையும் ஒரு சமையல் இடமும் கொண்ட குடித்தனங்கள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு குழாய், கொல்லையில் கழிப்பிடம். ஒண்டுக் குடித்தனம் என்ற வாழ்க்கை முறை தமிழ்ச் சிறுகதையிலும் திரைப்படத்திலும் இவ்வளவு இடம்பிடித்ததற்கு இந்தக் கட்டட வகையே மூலம். வெளியூரிலிருந்து முதன்முதல் வரும் குமாஸ்தாவுக்கு அது நகரத்தின் நுழைவாயில். சொந்தவீட்டுக்காரரும் முன்கட்டில் தாம் இருந்துகொண்டு பின்கட்டையும் மாடியையும் வாடகைக்கு விட்டே கடனை அடைத்தார். கடன் கொடுக்கவும் உள்ளூர் ஏற்பாடுகள் இருந்தன. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் ஃபண்ட் அதற்கு எடுத்துக்காட்டு. மேல்தளத்தில் சன்ஷேடும் பூவேலையும் மின்ன, உள்ளே ஆறு அடுப்பு எரிந்த வீடுகளே அதிகம்.

பெரிய வக்கீல்கள் லஸ் பக்கம் குடியேறினார்கள். லஸ் சர்ச் சாலையில் அரசியலமைப்பு வரைவுக் குழு உறுப்பினர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் 'ஏகாம்ர நிவாஸ்' இருந்தது. அமிர்தாஞ்சன் நிறுவிய காசிநாதுனி நாகேசுவர ராவின் 'ஸ்ரீபாக்' இல்லத்தில் 1937 நவம்பரில் ஆந்திரத் தலைவர்கள் செய்துகொண்ட உடன்பாட்டுக்கு அந்த வீட்டின் பெயரே வழங்குகிறது. இந்த மாளிகைகளில் தோட்ட வீட்டின் தூணும் போர்ட்டிகோவும் உண்டு. உள்ளே போனால் பூஜை அறையும் ஊஞ்சல் கூடமும் பெண்களுக்கான பின்கட்டும் உண்டு. முன்புறம் ஆங்கிலேய முகம், பின்புறம் தமிழ் வீடு. அந்த இரட்டைத்தன்மையைச் சிலர் கேலி செய்திருக்கிறார்கள். இரண்டு உலகங்களிலும் தினமும் வாழ்ந்தவர்களுக்கு அதைவிட நேர்மையான வீடு எது?

இந்த வீட்டின் பின்வாசலையும் சொல்லியாக வேண்டும். பாதாளச் சாக்கடை வருவதற்கு முன், கழிப்பிடம் கொல்லையின் கோடியில் இருந்தது. அதைச் சுத்தம் செய்பவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காகவே வீட்டு வரிசைகளின் பின்னே குறுகிய சந்துகள் விடப்பட்டன. யார் முன்வாசல் வழியே வரலாம், யார் கூடம்வரை வரலாம், யார் பின்சந்தோடு நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. வீட்டின் வரைபடம் அதை அப்படியே கல்லில் எழுதிவைத்தது. டிராமில் எல்லாரும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் வீட்டு வாசலில் பிரிந்துவிட்டார்கள். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914இல் வடிகட்டிய குழாய்நீரைத் தரத் தொடங்கியபின், சாக்கடைக் குழாயும் படிப்படியாக வந்தபின், கழிப்பறை வீட்டுக்குள் நகர்ந்தது, கிணற்றடி சுருங்கியது, பின்சந்துகள் பல இடங்களில் ஆக்கிரமிப்பில் மறைந்தன. இந்தக் குடிநீர்த் திட்டத்தின் பொறியாளர் மேட்லியின் பெயர் இன்றும் தியாகராய நகரில் ஒரு சாலைக்கு இருக்கிறது.

தியாகராய நகர்தான் இந்த வளர்ச்சியின் அடுத்த கட்டம். மயிலாப்பூருக்கு மேற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியை வற்றச் செய்து, 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைப் பின்பற்றி, 1923 முதல் மாம்பலத்தில் ஒரு புதிய ஊர் திட்டமிடப்பட்டது. நடுவில் பனகல் பூங்கா. அதிலிருந்து கிளைக்கும் சாலைகள். நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த காலமாதலால் ஊருக்கு பிட்டி தியாகராயர் பெயரும், சாலைகளுக்கும் பூங்காக்களுக்கும் அக்கட்சியினர் பெயர்களும் சூட்டப்பட்டன. இங்கே கோயிலைச் சுற்றி வீடு எழவில்லை, பூங்காவைச் சுற்றி எழுந்தது. சாதி வாரியாகத் தெரு பிரித்த பழைய வழக்கத்துக்கு அது பெரும் மாற்றம். 1931 மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் நிலையம் இந்த ஊரின் வாயில் ஆயிற்று.

திட்டம் வீடுகளையும் மாற்றியது. நான்கு பக்கமும் இடம் விட வேண்டும் என்ற விதியால் ஒட்டுச்சுவர் மறைந்தது. பக்கச் சன்னல் வைக்க முடிந்ததும் முற்றத்தின் தேவையும் போயிற்று. முற்றம் இருந்த இடத்தில் ஹால் வந்தது. 1930களில் கான்கிரீட் வீடுகளோடு ஆர்ட் டெக்கோ பாணி நுழைந்தது: வளைந்து திரும்பும் பால்கனி, கப்பலின் சன்னல் போன்ற வட்டத் துளை, மூன்று மூன்றாக ஓடும் படுக்கைக் கோடுகள், மாடிப்படியின்மேல் உயரும் செங்குத்துக் கண்ணாடி. எல்.எம். சித்தாலே போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்கள் நகரின் அலுவலகங்களில் கொண்டுவந்த இந்தப் பாணியைப் பார்த்துப் பார்த்து மேஸ்திரிகள் தாங்களே வீடுகளில் இட்டார்கள். கைப்பிடிச்சுவரில் இலட்சுமிக்குப் பதில் உதயசூரியக் கதிர்கள் வந்தாலும், வாசல் நிலைக்கு மஞ்சளும் மாவிலைத் தோரணமும் தொடர்ந்தன. கூடவே ஒரு பழைய உறுப்பு வேறு பெயரில் திரும்பிவந்தது: கார் ஷெட். தோட்ட வீட்டின் கோச்சுக் கொட்டகையை டிராம் ஒழித்தது; மோட்டார் அதை மீட்டுக்கொண்டுவந்தது.

பிற நகரங்களில் இதே கதை வேறு உருவங்களில் நடந்தது. 1896இல் பிளேக் தாக்கிய பின் பம்பாயில் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாதுங்கா பகுதிகளில் திட்டமிட்ட குடியிருப்புகளை உருவாக்கியது. டிராம் அங்கே நீண்டது. தாதரில் ஒரு பகுதி இன்றும் டிராம் முனையத்தின் சுருக்கப் பெயரான 'தாதர் டி.டி.' என்றே வழங்குகிறது. மாதுங்காவில் குடியேறியவர்களில் தமிழர் மிகப் பலர். ஊரில் முற்றமும் கொல்லையும் வைத்து வாழ்ந்தவர்கள் அங்கே மூன்று மாடிக் கட்டடங்களில் இரண்டு அறை வீட்டுக்குப் பழகினார்கள். திண்ணையின் இடத்தை பால்கனி எடுத்துக்கொண்டது. துளசி மாடம் சன்னல் விளிம்புக்கு ஏறியது. கல்கத்தாவின் பவானிபூர், பாலிகஞ்ச் வீடுகளில் தெருப்பக்கத்துத் திண்ணை 'ரோவாக்' என்ற பெயரில் கடைசிவரை உயிரோடு இருந்தது. கொழும்பில் 1899இல் தொடங்கிய டிராம் பொறளை வரை சென்றது. அது 1960வரை ஓடியது.

சென்னையில் டிராம் 1953 ஏப்ரல் 12ஆம் தேதி நின்றது. பஸ்ஸின் போட்டியும் நட்டமும் நிறுவனத்தை வீழ்த்தின. தண்டவாளங்களை எடுத்துவிட்டார்கள். வீடுகள் நின்றன, ஆனால் அவற்றைக் கட்டிய கணக்கு மாறிவிட்டது. 1970களுக்குப் பின் அடுக்குமாடிக் கட்டடம் பெருகியபோது, அகலம் குறைந்து ஆழம் நீண்ட மனைகள் இரண்டு மூன்றாக இணைக்கப்பட்டன. புதிதாக எழும் கட்டடத்தின் தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்தத்துக்குத் தூண்கள் மட்டுமே. திண்ணை இருந்த உயரத்தில் இப்போது மனிதர்களே இல்லை.

இழந்தவற்றில் மறக்க முடியாதது உ.வே. சாமிநாதையரின் திருவல்லிக்கேணி வீடு. 1903இல் மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்த அவர், அங்கே குடியேறி, பின்னர் அவ்வீட்டை வாங்கி, தமக்குக் குடந்தையில் வேலை கிடைக்கக் காரணமாயிருந்த தியாகராச செட்டியாரின் பெயரால் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார். பழந்தமிழ் ஏடுகள் பல அச்சேறக் காத்திருந்த அந்த வீடு 2012இல் இடிக்கப்பட்டது. எதிர்ப்புகள் எழுந்தன, பயனில்லை. அதே திருவல்லிக்கேணியில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு அரசு நினைவில்லமாகக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஒரே ஊர், ஒரே வகை வீடு. ஒன்றை அரசு வாங்கியது, மற்றதை வாங்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. உயர்நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து நீதிபதி இ. பத்மநாபன் குழு நகரின் 467 பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. ஆனால் இத்தகைய பட்டியல்களில் கோயிலும் தேவாலயமும் அரசு அலுவலகமும் இடம்பெறும் அளவுக்கு நடுத்தர மக்களின் வீடுகள் இடம்பெறுவதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் அவை மாபெரும் கட்டடங்கள் அல்ல. ஒரு தெருவாகச் சேர்ந்து நிற்கும்போதுதான் அவற்றின் மதிப்பு தெரியும். இதைப் புரிந்துகொண்ட ஊர் புதுச்சேரி. அங்கே வைசியாள் வீதியில் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் முயற்சியில் வரிசையாகத் திண்ணைகளும் தாழ்வாரங்களும் முகப்புகளும் சீரமைக்கப்பட்டன. அதற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. ஒரு வீட்டைக் காப்பாற்றாமல் தெருவையே காப்பாற்றிய அந்த முறைதான் மயிலாப்பூருக்கும் ஏற்றது.

வீடு வைத்திருப்பவர்களின் கஷ்டமும் உண்மையானது. பங்காளிகள் பலர், வாடகை சொற்பம், மழைக்காலத்தில் ஒழுக்கு. ஆனால் சீர்ப்படுத்துவதாக எண்ணிச் செய்யும் ஒரு தவறே பல வீடுகளை விரைவில் சாய்க்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும் தன்மையுடையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் உதிர்கிறது. உத்திரத்தின் நுனி சுவருக்குள்ளேயே அழுகுகிறது. மெட்ராஸ் டெரஸின்மேல் கான்கிரீட் தளம் போட்டால் பாரமும் கூடுகிறது. சுண்ணாம்பை மறுபடி சுண்ணாம்பாலேயே பூசினால், அழுகிய உத்திரத்தை மட்டும் மாற்றினால், இந்த வீடுகள் இன்னொரு தலைமுறைக்குத் தாங்கும். இவ்வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்.

இப்போது மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் லஸ் முனையிலும் பனகல் பூங்காவிலும் பூமிக்கடியில் நிலையங்களைக் கட்டுகிறது. டிராம் வந்தபோது நிலத்தின் விலை ஏறி வீடுகள் எழுந்தன. மெட்ரோ வரும்போது நிலத்தின் விலை ஏறி அதே வீடுகள் விழும் என்பதே நிலை. நான்குவழிச் சாலை வந்தபின் கூட்டேரிப்பட்டு, மயிலம், திண்டிவனம் பக்கத்து ஓட்டு வீடுகளுக்கும் இதே நெருக்கடிதான். இடித்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தாலும், இடிக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வீட்டை அறை அறையாக அளந்து வரைபடம் போட்டுவையுங்கள். முகப்பு, முற்றம், கூரையின் அடிப்பக்கம் மூன்றையும் படமெடுங்கள். கைப்பிடிச்சுவரில் எழுதிய ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள கட்டடக் கலைக் கல்லூரிக்கோ நூலகத்துக்கோ ஒரு படி கொடுங்கள். ஒரு நாள் வேலை அது. கடப்பாறை இறங்கிய பிறகு எத்தனை நாள் செலவிட்டாலும் அதைச் செய்ய முடியாது.